பின்னால் போன கை

தீர்ப்பு வந்த செய்தி தமயந்திக்குக் கணபதிப் பக்கம், நாச்சிமுத்துவின் லேத்துப் பட்டறையில் வைத்துத்தான் தெரிந்தது. பொம்மைகளின் தோளுக்கு மூட்டு வாங்கப் போயிருந்தாள். மிளகு அளவில் ஓர் எஃகு உருண்டை, அதைக் கவ்விப் பிடிக்க இரண்டு தகடு, இறுக்க ஒரு திருகாணி. இதைப் பிசிறில்லாமல் கடைந்து கொடுக்கக் கோயமுத்தூரில் நாச்சிமுத்துவை விட்டால் ஆள் கிடையாது. அந்தக் கர்வமும் மனிதருக்குக் கொஞ்சம் உண்டு.

"வாங்க அம்மணி! ஆயுளாமுங்க!" என்றார் எடுத்த எடுப்பிலேயே.

"யாருக்குங்கண்ணா?"

"அதானுங்க, மில்லுத் தண்ணித்தொட்டி மேலிருந்து கூட்டாளியத் தள்ளிவுட்டானே, அந்தச் செம்பியன். உங்க படத்த வெச்சுத்தான் தீர்ப்பே. ஜட்ஜு பிரிச்சு மேஞ்சுட்டாருங்க. கை மொதல்ல பின்னால போச்சு, அப்புறந்தான் முன்னால வந்துச்சு, அதனால வேணும்னேதான் தள்ளியிருக்கான்னு போட்டுட்டாரு."

சொன்னதோடு விட்டாரா? எழுந்து நின்று செய்தும் காட்டினார். வலது கையைப் பின்னால் இழுத்தார், ஒரு கணம் நிறுத்தினார், முன்னால் தள்ளினார். மிஷினில் நின்றிருந்த ஆளும் சிரித்துக்கொண்டே அதையே செய்தான். படம் ஊர் முழுக்கப் போனில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டில், டீக்கடையில், கல்யாண வீட்டில் எங்கே பார்த்தாலும் யாராவது ஒருவர் செம்பியன் போலக் கையைப் பின்னால் இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி அந்த இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அண்ணா, அந்தக் கை பின்னால போனத யாரும் பாக்கவே இல்லீங்க" என்றாள்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? நேர்ல பாத்த வாட்ச்மேன் மண்டைக்குள்ள இருந்து எடுத்ததுதானுங்களே?"

"மண்டைக்குள்ள படமா ஓடுது? அங்கொண்ணு இங்கொண்ணா நிலைதாங்க இருக்கும். செம்பியன் பின்னால நிக்கறான், அது ஒரு நிலை. அவன் கை கூட்டாளி கதிரேசன் தோள்மேல இருக்குது, அது ஒண்ணு. கதிரேசன் கீழ விழறான், அது ஒண்ணு. நினைவுக் கருவி இதத்தான் கோட்டுருவமா வரைஞ்சு குடுக்கும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு வாட்ச்மேனுக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. நடுவுல இருக்கறதெல்லாம் நாங்க பொம்மைய நகத்தி நகத்தி எடுக்கறதுதான்."

நாச்சிமுத்து தூக்கின கையை மெதுவாக இறக்கினார். "அப்ப... அது நீங்களா?"

"நான்தான்" என்றாள். சொல்லும்போதே தன் மேல் வந்த எரிச்சலில் மூட்டுப் பொட்டலத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

கோர்ட்டுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றைக்கு யாரும் கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும்! பொய் வீடியோக்கள் பெருத்துப்போன காலம் ஒன்று இருந்தது. ஒரே ஆள் ஒரே நேரத்தில் சேலத்திலும் கொலை செய்வான், செங்கல்பட்டிலும் கொலை செய்வான். இரண்டுக்கும் வீடியோ இருக்கும். கடைசியில், கம்ப்யூட்டர் தொட்ட படம் எதுவும் சாட்சியாகாது என்று சட்டம் போட்டார்கள். வாய்ச்சாட்சியோ எப்போதுமே விலைக்குப் போகிற சரக்கு, அதுவும் செல்லாது என்றார்கள். அப்புறம்தான் நினைவுக் கருவி வந்தது. ஆனால் அது தருகிற கோட்டுருவங்களைப் பார்த்து ஜட்ஜுகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆகவே சாட்சிக்கூடங்களைத் திறந்தார்கள். கருவி சொல்லும் நிலைகளில் நிஜப் பொம்மையை நிறுத்தி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொன்றாகப் படம்பிடித்து ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லாம் கைவேலை. பொம்மைக்குச் சீல் வைத்து அலமாரியில் பூட்டிவிடுவார்கள், சந்தேகம் வந்தால் எடுத்துத் தொட்டுப் பார்க்கலாம். கையால் செய்தது பொய் சொல்லாது என்று இவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். கைக்கு எத்தனை கெட்ட பழக்கம் உண்டு என்று ஒருத்தராவது விசாரித்தார்களா?

கோயமுத்தூர்ச் சாட்சிக்கூடம் பூட்டிப்போன ஒரு நூல் மில்லின் குடோனில் இருந்தது. தமயந்தி உள்ளே போனபோது ரூபன் ஒரு பொம்மைத் தலைக்குக் கண்ணிமை ஒட்டிக்கொண்டிருந்தான். பொம்மைகளுக்கு முகமும் தோலும் செய்கிறவன் அவன். தேவைப்பட்டால் நகர்த்தவும் செய்வான். தமயந்தியோடு ஒன்பது வருடமாக ஒரே மேசையில் வேலை.

"ரூபா, ஆயுள் போட்டுட்டாங்க. நான் வெச்ச தம்முக்கு."

தம் என்பது அவர்கள் பட்டறைப் பேச்சு. பொம்மை எதைச் செய்தாலும், செய்வதற்கு முன்னால் எதிர்ப்பக்கமாக ஒரு துளி போக வேண்டும். குதிப்பதென்றால் முதலில் குனிய வேண்டும். கையை நீட்டுவதென்றால் முதலில் பின்னால் இழுக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவனுக்கு அது ஒரு ஆள் மாதிரித் தெரியும். இல்லாவிட்டால் கட்டையை நகர்த்தியது போல வெடுக்கென்று இருக்கும். இதைத்தான் பொம்மை தம் கட்டுகிறது என்பார்கள். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் பழகுவது. அப்புறம் அதை யாரும் நினைத்துச் செய்வதில்லை. விரல் தானாகவே செய்துவிடும்.

"நீங்க என்னக்கா பண்ணுவீங்க? எல்லாத்துக்கும்தான் தம் வெக்கறோம்" என்றான் ரூபன்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கையிலிருந்த கண்ணிமை விரலில் ஒட்டிக்கொண்டது.

"சூலூர்க் கத்திக்குத்து?" என்றாள் தமயந்தி.

"வெச்சோம்."

"மருமகள அடுப்புல தள்ளினதா சொன்னாங்களே, அந்தக் கிழவி?"

"அதுக்கும்தான். அக்கா, போதும், நிறுத்துங்க."

"எங்க ரூபா நிறுத்தறது? ஒன்பது வருஷமா இந்த மேசையில எவன் கைய நீட்டினாலும் மொதல்ல பின்னால இழுத்துத்தான் நீட்டியிருக்கறான். தாங்கிப் பிடிக்கப் போனவனும் அப்படித்தான், தடுக்கப் போனவனும் அப்படித்தான். விழறவன எட்டிப் பிடிக்கறவனுக்குக் கையப் பின்னால இழுக்க எங்கடா நேரம்? ஓங்கறவன்தான் இழுப்பான். ஒருத்தர் விடாம எல்லாரையும் ஓங்க வெச்சிருக்கறோம்!"

அவள் குரல் உயர்ந்ததில் குடோனில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு. நேராகக் கண்காணிப்பாளர் ஆனந்தநாயகத்தின் அறைக்குப் போனாள்.

ஆனந்தநாயகம் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாரையும் அதட்டிப் பேசமாட்டார், லீவு கேட்டால் கொடுப்பார். அந்த மாதிரி ஆட்களிடம்தான் கோபப்பட்டு ஜெயிக்கவே முடியாது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தமயந்தி, உட்காருங்க. நீங்க வேணும்னு பண்ணலையே?"

"வேணும்னு பண்ணலீங்க. ஆரம்பத்துல நான் தம்மே இல்லாமத்தான் எடுத்தேன். நிலையில இருந்து நிலைக்கு நேராத்தான் போச்சு. உயிரில்லைன்னு திருப்பி அனுப்பினது யாரு? நீங்கதானுங்க சார்."

"உயிரில்லைன்னுதான் சொன்னேன். கையைப் பின்னால இழுன்னு நான் சொல்லலையே."

"எங்க தொழில்ல உயிருங்கறது அதுதானுங்க சார்! ரெண்டும் ஒண்ணுன்னு உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சும் புத்தியில படல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "நீங்க சொல்றது ஒரு கேஸ் இல்லம்மா. இதத் தொட்டா ஒன்பது வருஷமும் அவுந்துடும். எல்லாரும் வெளியில வருவாங்க. அதுல நிஜமாவே குத்தினவனும் இருப்பான். அவன் நாளைக்கு இன்னொருத்தரக் குத்தினா அந்தப் பழி யாருக்கு? உங்களுக்கா, எனக்கா?" என்றார்.

இந்தக் கேள்வி அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

"அப்ப, குத்தாதவன் உள்ள கெடக்கலாமுங்களா?"

"செம்பியன் தள்ளலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதத்தானுங்க நானும் சொல்றேன். எனக்குத் தெரியாது, வாட்ச்மேனுக்குத் தெரியாது. ஆனா திரையில தெரியாதுங்கறத எப்படிக் காட்டறது? பொம்மை கைய எங்கியாவது ஒரு எடத்துல வெச்சுத்தானே ஆகணும்?"

"வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார் ஆனந்தநாயகம், உண்மையான அக்கறையோடு. அவளுக்கு மேசையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் கூடத்து கேட்டுக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டியிருந்தாள். தமயந்தி ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் வழிமறித்துவிட்டாள்.

"எந்தம்பிக்குக் கை செஞ்சது நீங்கதானா?"

யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. செம்பியனுக்கு ஒரு அக்காள் உண்டு, பெயர் வஞ்சிக்கொடி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறாள் என்று தமயந்திக்குத் தெரியும். செம்பியனின் முகத்தைச் செய்ய ரூபன் வாங்கிவைத்திருந்த வீட்டுப் போட்டோக்களைப் பார்த்தபோது, எல்லாப் போட்டோவிலும் தம்பியின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றவள் இவள்தான்.

"நான்தானுங்க."

"அச்சா அவனாட்டவே செஞ்சிருக்கறீங்க. காதுல இருக்கற மச்சங்கூட வெச்சிருக்கறீங்க. பாக்கறவன் நம்பாம என்ன பண்ணுவான்? நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேங்க. பெத்தவளாட்ட வளத்த நானே நம்பிட்டேன்!" ஸ்கூட்டரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க, எந்தம்பி தள்ளுனானா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா? தெரியாமத்தான் ஊருக்கெல்லாம் காட்டுனீங்களா? ரோட்டுல போற பொடுசெல்லாம் என்னியப் பாத்து கைய இழுத்து இழுத்துக் காட்டுது. தெரியாதுன்னு இவ்வளவு சாவகாசமாச் சொல்றீங்களே, நல்லாருப்பீங்களா நீங்க?"

தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள். நிலைகளைச் சொன்னாள், தம்மைச் சொன்னாள், தன் விரல் எங்கே எதை நகர்த்தியது என்று சொன்னாள். சமாதானம் எதுவும் சேர்க்கவில்லை. வஞ்சிக்கொடி கேட்டுக்கொண்டே வந்தவள், பாதியில் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில அவங்களுக்குள்ள சண்டைதானுங்க, இல்லைங்கல. ரெண்டு பேரும் லீவுக்கு அடிச்சுக்கிட்டாங்க. ஆனாக் கதிரேசன் வழுக்குனப்ப இவன் எட்டிப் பிடிச்சேங்கறான். சட்டை கையோட வந்திருச்சுங்கறான். யாரு கேட்டாங்க? வாய்ச்சாட்சி செல்லாதுங்கறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "இப்ப எங்கிட்டச் சொன்னத கோர்ட்டுல வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"உங்களையும் உள்ள போடுவாங்க."

"போடட்டும்" என்றாள் தமயந்தி. வீராப்பாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதைப் பற்றியும் அக்கறையே இருக்கவில்லை.

மேல்முறையீடு போட்டார்கள். தமயந்தி சாட்சி என்றார் செம்பியனின் வக்கீல். கேட்டீர்களா கூத்தை: அவளுடைய சாட்சியும் வாயால் செல்லாதாம்! அவள் நினைவையும் கருவியில் எடுத்து, அவளையும் பொம்மையாகச் செய்து, படமாக எடுத்துத்தான் காட்ட வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் தலையில் கருவியை மாட்டி, செம்பியனின் கையை நகர்த்திய அந்த நாளை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நிலைகள் வந்தன. பொம்மை மேசையில் நிற்கிறது, அவள் எதிரே குனிந்திருக்கிறாள். அவள் விரல் பொம்மையின் முழங்கைமேல் இருக்கிறது. பொம்மையின் கை பின்னால் போயிருக்கிறது.

அந்தப் படம் ரூபனுக்கே ஒதுக்கப்பட்டது. தமயந்தியை அவன் அச்சாகச் செய்தான், நெற்றி நரை உட்பட. அவளுக்கு முன்னால் சுண்டுவிரல் உயரத்தில் இன்னொரு செம்பியனையும் செய்து நிறுத்தினான். படமெடுக்கத் தொடங்கும் முன் போன் செய்தான்.

"அக்கா, தம் வெக்கட்டுமா, வேண்டாமா?"

"வெச்சே, உன் கைய ஒடிச்சுடுவேன்."

"வெக்காம எடுத்தா உயிரில்லைன்னுவாங்க."

"சொல்லட்டும். கருவி குடுத்தது மட்டும் இருக்கட்டும். நடுவுல எதுவும் போடாத. ஒரு நிலையில நிறுத்து, அடுத்த நிலைக்குத் தாவு. பாக்கறவன் நடுவுல என்ன ஆச்சுன்னு கேக்கணும். கேட்டான்னா அதுவே போதும்."

ரூபன் அப்படியே எடுத்தான். ஆனந்தநாயகம் அப்படியே திருப்பினார். பார்க்க முடியாதபடி வெட்டி வெட்டி ஓடுகிறது, கோர்ட்டை அவமதிப்பது போல இருக்கிறது என்று காரணம் சொல்லிப் படத்தைத் திருச்சிக் கூடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே யார் எடுத்தார்கள் என்று தமயந்திக்குத் தெரியாது. எடுத்தவர்கள் யாராக இருந்தாலும் நல்ல வேலைக்காரர்கள் என்பதுதான் அவளுடைய பயம்.

பயந்தது சரிதான். விசாரணையன்று கோர்ட்டு அறையில் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டபோது, அவளே ஒரு கணம் வாயைப் பிளந்துவிட்டாள். அத்தனை அழகு! பொம்மைத் தமயந்தி மூச்சு விட்டாள், கண் இமைத்தாள், நாற்காலியில் ஒரு துளி முன்னால் நகர்ந்தாள். செம்பியன் பொம்மையைத் தொடக் கையை நீட்டினாள். நீட்டுவதற்கு முன்னால் அந்தக் கை மெதுவாகப் பின்னால் போனது. தலையும் கூடவே லேசாகப் பின்னால் சாய்ந்தது. ஒரு நொடி அப்படியே நின்று, அப்புறம்தான் முன்னால் வந்து பொம்மையின் முழங்கையைப் பிடித்து இழுத்தது.

அரசாங்க வக்கீல் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"கனம் நீதிபதிகள் கவனிக்க வேண்டும். பழக்க தோஷத்தில், யோசிக்காமல், விரல் தானாகச் செய்துவிட்டது என்பதுதான் இந்தச் சாட்சியின் வாதம். ஆனால் இங்கே பாருங்கள். தொடுவதற்கு முன்னால் கை பின்வாங்குகிறது. தயங்குகிறார், யோசிக்கிறார், ஒரு முடிவுக்கு வருகிறார், அதன் பிறகுதான் நகர்த்துகிறார். ஆகவே எதிரி செம்பியனின் கை பின்னால் போனது இவருடைய பழக்கம் அல்ல. நன்றாக யோசித்துச் செய்தது. யோசித்துச் செய்தது என்றால், அது நம்பத்தக்கது."

இரண்டு நீதிபதிகளில் மூத்தவர் தலையாட்டினார். "இன்னொரு தரம் போடுங்கள்" என்றார்.

எதிர்வரிசையில் போலீஸ்காரர்களுக்கு நடுவில் செம்பியன் உட்கார்ந்திருந்தான். படத்தில் இருந்ததைவிட இளைத்திருந்தான். திரையில் தன் பொம்மையை நகர்த்தியவளின் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் புரியாத முகத்தோடு. தமயந்திக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. திருச்சிக்காரர்கள் மேல் கோபப்பட முடியுமா? தான் செய்ததைத்தானே அவர்களும் செய்திருக்கிறார்கள். நன்றாக வேறு செய்திருக்கிறார்கள், பாவிகள்.

"ஐயா!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். கையைத் தூக்கினாள். "நான் தயங்கலீங்க! ஐயா, இங்க பாருங்க!"

கை நேராக மேலே போனது. பின்னால் போகவில்லை, நிற்கவில்லை, யோசிக்கவில்லை. கோபம் வந்த மனுஷியின் கை எப்படிப் போகுமோ அப்படிப் போனது. இதைவிட நல்ல சாட்சி அந்த வழக்குக்குக் கிடைத்திருக்காது. ஆனால் நீதிபதிகள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்பியனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பொம்மைத் தமயந்தியின் கை மறுபடியும் அழகாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சாட்சி உட்காரவும். படம் முடியட்டும்" என்றார் மூத்த நீதிபதி, திரும்பாமலே.

டவாலிச் சேவகர் வந்து தமயந்தியின் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அப்போது பின்வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. வஞ்சிக்கொடி மனிதர்களைத் தாண்டி மிதித்துக்கொண்டு வந்தாள்.

"அங்க என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கறீங்க? உசுரோட ஒரு ஆளு இங்க நிக்குது, இங்க பாருங்க!" என்று அலறினாள். விளக்கில்லாத அறையில் அந்தக் குரலுக்கு முதல் வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. டவாலியின் பிடியை விலக்கிவிட்டு, தமயந்தியின் கைக்குக் கீழே தன் கையை முட்டுக் கொடுத்தாள் அவள்.

"கைய எறக்காதீங்கக்கா. வெளக்கப் போட்டுப் பாக்கற வரைக்கும் எறக்காதீங்க."

தமயந்தி இறக்கவில்லை.